அருகிலுள்ள பழைய சில்லு

“டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சுங்க. சக்சஸ்னுதான் வருது” என்று மேனேஜர் கவின்பிரசாத் சொன்னபோதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இருபது வருடமாக இந்தத் தொழிலில் குப்பை கொட்டுகிறேன். எங்கே கூப்பிட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் என்னை எதற்கய்யா கூப்பிட்டீர்கள் என்று கேட்க வாய் வரை வரும். கேட்க மாட்டேன்.

நான் போயிருந்த இடம் பொள்ளாச்சி மறுநடை மையம். முதுகுத்தண்டில் அடிபட்டு நடை போனவர்களுக்கு நடைச்சில்லு வைத்து அனுப்புவார்கள். அரிசி அளவுதான் இருக்கும் அது. இடுப்புக்குச் சற்று மேலே தண்டுவடத்தில் பதிந்துகொண்டு, தினமும் ஒருமுறை மையத்தின் தகவல் தளத்தைக் கூப்பிட்டு, இன்றைக்கு எந்தத் தசையை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். வாங்கியது இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேலும் பதில் வராவிட்டால், ஆள் தப்பாக நடந்து விழுந்துவிடக் கூடாதே என்று சில்லு தானாகவே கால்களை நிறுத்திவிடும். பிப்ரவரி மூன்றாம் தேதி காலையில் அறுபத்தோரு பேர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. நான் போனது பதினான்காம் தேதி.

“உங்களுக்கு முன்னாடி மூணு இன்ஜினியர் வந்தாங்க சார். மூணு பேருக்குமே சக்சஸ் வந்துச்சு. போயிட்டாங்க” என்றார் கவின்பிரசாத். நாற்பது வயது, நல்ல இஸ்திரிச் சட்டை, இங்கே வந்து நாலு வருடம்.

“அறுபத்தோரு பேர் நடந்தாங்களா?”

“இல்லைங்க.”

“அப்புறம் என்ன சக்சஸ்?”

அவர் சர்வர் அறையைத் திறந்துவிட்டார். கதவு நிலையில் காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று தொங்கியது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அந்த இயந்திரத்தின் திரையில் இணைப்பைச் சரிபார்க்க இரண்டு சன்னல்கள் உண்டு. பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று புதுச் சில்லுகளுக்கு, இன்னொன்று பழையவற்றுக்கு. தேடினால் முதலில் திறப்பது புதுசுக்கானது. எல்லோரும் அதைத் திறந்து, பொத்தானை அமுக்கி, வெற்றி என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நடக்க முடியாத அறுபத்தோரு பேருமே பழைய சில்லுக்காரர்கள்.

“ரெண்டும் கம்ப்யூட்டர்தானுங்களே, என்ன வித்தியாசம்?” என்றார் கவின்பிரசாத்.

“பழைய சில்லு முப்பத்திரண்டு கட்டமா எண்ணும். புதுசு அறுபத்துநாலு. தகவல் தளம் இப்ப புதுசோட கணக்குல மட்டுந்தான் பேசும். வீட்டுல மூணு பின் பிளக்கு, செவுத்துல ரெண்டு பின் ஓட்டை இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“அடாப்டர் போடுவேன்.”

“அதேதான். நடுவுல ஒரு பாலம் வேணும். ஆனா இதுல ஒரு வம்பு இருக்கு. பழைய சில்லு, இன்னொரு பழைய சில்லு வந்து சொன்னாத்தான் நம்பும். தயாரிச்ச கம்பெனிக்காரன் அப்படிப் பூட்டி வெச்சுட்டான். பூட்டினவன் கடையையும் மூடிட்டுப் போயிட்டான். அதனால உயிரோட இருக்கிற ஒரு பழைய சில்லுதான் பாலமா நிக்கணும். இத்தனை நாளா ஏதோ ஒண்ணு நின்னிருக்கு. இப்ப அதைக் காணோம்.”

சொல்லிக்கொண்டே இரண்டாவது சன்னலைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு வரி. ‘பாலம்: அருகிலுள்ள பழைய சில்லு. எண் 0417. நிலை: கிடைக்கவில்லை.’ பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘தற்காலிக ஏற்பாடு’ என்று இருந்தது.

அந்த வரியை எழுதியவன் நான்தான். ஒன்பது வருடத்துக்கு முன்பு இந்த மையம் புதுத் தகவல் தளத்துக்கு மாறியபோது, ஒரு வாரம் ஓடினால் போதும் என்று, சோதனைக்கு வைத்திருந்த உபரிச் சில்லு ஒன்றைப் பாலமாக்கிவிட்டுப் போனேன். அந்த ஒரு வாரத்துக்குள் நிரந்தரமாக ஏதாவது செய்துகொள்ளுங்கள் என்று எழுதியும் கொடுத்தேன். எழுதிக் கொடுத்ததை யாரும் படிக்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

“0417 ஒரு சோதனை மேடையில இருந்துச்சே, மனுஷ உடம்பு மாதிரி துடிப்புக் கொடுக்கிற பெட்டி ஒண்ணு. அது எங்கே?”

“அந்தப் பெட்டிய நான் வர்றதுக்கு முன்னாடியே பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க சார்.”

துடிப்பு இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்திலேயே சில்லு தூங்கிவிடும். பெட்டி போய் நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாள் 0417 எங்கே விழித்துக்கொண்டிருந்தது?

பொருள் இருப்புப் பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். பெரிய நிறுவனங்களில் ஒரு பழக்கம் உண்டு. பழைய நாற்காலி, ஓடாத மின்விசிறி, ஓரம் கிழிந்த திரைச்சீலை எல்லாவற்றையும் கீழ்நிலை ஊழியர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்ததைப் பதிவேட்டிலும் பெருமையாக எழுதி வைப்பார்கள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: ‘0417, உபரி, மூன்றாம் அலமாரி. துப்புரவுப் பணியாளர் துளசிமணிக்குக் கருணை அடிப்படையில் பொருத்தப்பட்டது.’

மாடிப்படியைத் துடைக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன அம்மா அவர். கைக்காசு போட்டு சில்லு வைத்துக்கொள்ள வழியில்லாதவர். அலமாரியில் சும்மா கிடப்பதை வைத்துவிடலாமே என்று அப்போதைய டாக்டர் ஒருவருக்கு நல்லெண்ணம் வந்திருக்கிறது. சில்லோடு சேர்ந்து என் பாலமும் அந்த அம்மாவின் முதுகுக்குள் போய்விட்டது. யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

“இருங்க, இருங்க சார்” என்றார் கவின்பிரசாத். “அப்ப அறுபத்தோரு பேரோட கணக்கும் ஒன்பது வருஷமா துளசியக்கா வழியாத்தான் போச்சுங்கறீங்களா?”

“பாலம் இந்தக் கட்டடத்துக்குள்ள இருந்தாத்தான் ஓடும். விடுப்புப் பதிவேட்டையும் எடுங்க.”

எடுத்தார். ஒன்பது வருடத்தில் அந்த அம்மா ஞாயிறு தவிரத் தொடர்ந்து இரண்டு நாள் மட்டம் போட்டது ஒரே ஒருமுறை. ஆறு வருடத்துக்கு முன்பு, தை மாதம், மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள். கவின்பிரசாத்துக்கு முன்பிருந்த மேனேஜரின் குறிப்பேட்டில் அதே நாட்களில் ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்று இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் சர்வர் அறையில் பூசணிக்காய் சுற்றி உடைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த அம்மா வேலைக்குத் திரும்பியிருக்கிறார். எல்லாம் சரியாகிவிட்டது.

கவின்பிரசாத் நிலையில் தொங்கிய பழத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “வருஷா வருஷம் மாத்தறோமுங்க சார் அதை” என்றார் மெதுவாக.

“இப்ப அந்தம்மா எங்கே?”

“ஜனவரி முப்பத்தொண்ணோட ரிட்டையர் ஆயிட்டாங்க. விழா வெச்சோம். பொன்னாடை போட்டு, சுவர்க் கடிகாரம் வேண்டாம், உருப்படியா ஏதாச்சும் கொடுப்போம்னு…” நிறுத்தினார். “புதுச் சில்லு வெச்சு அனுப்பினோமுங்க. பிப்ரவரி ஒண்ணாந்தேதி காலைல ஆபரேஷன். நான்தான் ஏற்பாடு பண்ணினேன்.”

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார், அறுபத்தோரு பேர் படுத்துவிட்டார்கள்.

கழற்றிய 0417 அறுவை அரங்கின் தட்டில் பத்திரமாக இருந்தது. தூங்கிப்போயிருந்தது, அவ்வளவுதான். உடம்புக்குள் வைத்தால் எழுந்துகொள்ளும்.

“ஆட்டுக்கு வெச்சா ஆகாதுங்களா?” என்று கேட்டார் கவின்பிரசாத். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

“ஆடு நடக்கிற துடிப்பு வேற. மனுஷ முதுகுதான் வேணும். அந்தப் பெட்டியும் இப்பக் கிடைக்காது.”

“எல்லாருக்கும் புதுச் சில்லு வைக்கலாம்னா, மாசத்துக்கு ரெண்டு ஆபரேஷனுக்கு மேல இங்க பண்ண முடியாது. ரெண்டரை வருஷம் ஆகும்.”

“இன்னொரு வழி இருக்கு. பாலத்தை வேற பழைய சில்லுக்கு மாத்தலாம். கத்தியே வெக்க வேண்டாம், இங்கிருந்தே மாத்திரலாம். அறுபத்தோரு பேரும் முறை வெச்சு, ஆளுக்கு ஒருநாள் வந்து இந்தக் கட்டடத்துல உட்காரணும். அன்னிக்கு அவங்க நடை கோணலாத்தான் இருக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒருநாள்தானே?”

அவர் யோசித்தார். “சார், அறுபத்தோரு பேர்கிட்டப் பேசறதைவிட ஒருத்தர்கிட்டப் பேசறது ஈசிங்க. துளசியக்காவோட புதுச் சில்லுல ஏதோ குறைன்னு கம்பெனி திரும்பக் கேக்குதுன்னு சொல்லிரலாம். பழசை வெச்சுட்டா அவங்க நம்ம வளாகத்துலயே ஒரு ரூம்ல தங்கிக்கட்டும். சாப்பாடு போட்டு ராணி மாதிரிப் பார்த்துக்கறோம். கெட்ட எண்ணமில்லைங்க.”

கெட்ட எண்ணம் இல்லைதான். எனக்கும் அதில் ஒரு நிம்மதி இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பழையபடி வைத்தால் என் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இருந்தாலும், பொய்யை நீங்கள் போய்ச் சொல்லுங்கள், உண்மையென்றால் நான் சொல்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். கடைசியில் நான்தான் போனேன்.

துளசிமணியின் வீடு மார்க்கெட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. கூப்பிட்டதும் மொட்டைமாடியிலிருந்து குரல் வந்தது. இரும்புப் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லியான உடம்பு, கையில் துணிக் கிளிப்புகள்.

“வாங்க சார், உள்ள வாங்க. மேல துணி காயப் போட்டுட்டு இருந்தனுங்க. இத்தன நாளு பக்கத்து வீட்டுப் புள்ளையக் கெஞ்சிட்டு இருப்பனுங்க. இப்ப நானே ஏறிப்போடறன்” என்றார். என்னை உட்காரக்கூட விடாமல் அடுத்த சங்கதிக்குப் போய்விட்டார். “எம் பொண்ணு திருப்பூர்ல மூணாவது மாடிங்க. லிப்ட்டு கெடையாது. கலியாணம் ஆயி ஆறு வருசம், அவ வீட்டு உள்ள எப்படி இருக்குன்னே தெரியாது. கீழ பேக்கரி பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு வந்துருவன். போன ஞாயித்துக்கெழம போயிட்டனுங்க! அம்பத்திநாலு படி. சமையக்கட்டு இத்தனூண்டுதான், ஆனா வெளிச்சமா வெச்சிருக்கா.”

இவரிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தது. சொன்னேன். பதிவேட்டில் படித்ததை ஒப்பிப்பது போலத்தான் சொன்னேன். சில்லு, பாலம், ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் பிரித்து வைத்திருப்பது, அந்தந்த நேரத்தில் அவரவர் கால் கணக்கு இவர் முதுகு வழியாகப் போய் வந்தது, போகும்போது இவர் காலையும் இழுத்துவிட்டது. பாலத்தை முதலில் உருவாக்கியவன் நான் என்றும், அது இவர் உடம்புக்குள் போனது எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். இரண்டாவது வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னேன்.

அவர் கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் திண்டில் வைத்தார்.

“அப்ப அந்த இழுப்பெல்லாம் என்ற காலோட குத்தம் இல்லீங்களா?”

“இல்லைங்க. உங்க காலுக்கு ஒரு குறையும் இல்லை.”

“டாக்டரு சொல்லுவாருங்க, நீ மனசு வெச்சு நடக்கமாட்டீங்கறன்னு. சூப்ரவைசரு சோம்பேறின்னு எழுதிப்போட்டாரு. நானும் அப்படித்தான் போலிருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க.” அழுவார் என்று பார்த்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. “ஒம்பது வருசமுங்க சார்! எம்மேலயே எனக்கு எத்தன வெறுப்பு தெரியுமுங்களா?”

நான் இரண்டு வழியையும் சொன்னேன். மேனேஜர் எதை விரும்புகிறார் என்பதையும் சொன்னேன். துளசிமணிக்கு இஷ்டமில்லாமல் யாரும் கத்தி வைக்க முடியாது என்றும் சொன்னேன்.

“நான் மாட்டனுங்க” என்றார் உடனே. கிளிப்புகளைத் திரும்பக் கையில் அள்ளிக்கொண்டு, “அவங்க எல்லாம் யாருங்க? அந்த அறுபத்தோரு பேரு? எனக்கு அவங்களப் பாக்கோணும்” என்றார்.

மறுநாள் மதியம் மையத்தின் கூடத்தில் கூட்டம் வைத்தோம். நாற்பத்தைந்து பேர் வந்தார்கள், எல்லோரும் சக்கர நாற்காலியில். வர முடியாதவர்களுக்கு வீட்டார் வந்திருந்தார்கள். துளசிமணி கதவோரம் நின்றார். இருபத்தெட்டு வருடம் இதே கூடத்தைத் துடைத்தவர், நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

நடந்ததை நான் விளக்கினேன். முறை வைத்துச் சுமக்கும் திட்டத்தைச் சொன்னேன். கவின்பிரசாத் அறுபத்தோரு கட்டம் போட்ட தாளைச் சுற்றுக்கு விட்டார். விருப்பமுள்ள தேதியில் கையெழுத்துப் போட வேண்டும். தாள் முதல் வரிசையைத் தாண்டி, இரண்டாவது வரிசையைத் தாண்டி, ஒரு கையெழுத்தும் இல்லாமல் மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டது. ஒருவருக்குக் கடையைப் பூட்ட முடியாது. ஒருவருக்கு அடுத்த மாதம் வீட்டில் விசேஷம். ஒரு அம்மா, வயசானவங்களுக்கு விலக்கு உண்டா என்று கேட்டார்.

சிவசாமி என்ற ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்தான் கடைசியில் எல்லோர் மனதிலும் இருந்ததை எடுத்து வைத்தார். “நான் தப்பாச் சொல்லலீங்க. அந்தம்மாவுக்கு நாமெல்லாம் சேர்ந்து ஏதாச்சும் பாத்துச் செஞ்சுபோடலாம். அவங்க பழகினவங்க. நாம புதுசாப் போய் அதுல மாட்டறதுக்கு, தெரிஞ்சவங்க கையில இருந்தா நல்லதில்லீங்களா?”

நாலைந்து தலைகள் ஆடின. கவின்பிரசாத் என்னைப் பார்த்தார். நான் சன்னல் பக்கம் பார்த்தேன்.

துளசிமணி கதவோரத்திலிருந்து கூடத்தின் நடுவுக்கு நடந்து வந்தார்.

“நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?” என்றார். “காலைல எட்டு பத்துக்கு எடது கெண்டக்கால் இழுக்கும். பக்கெட்டு கையில இருந்துச்சுன்னா தண்ணியோட உழுகோணும். அது யாருங்க?”

சில்லு கணக்கு வாங்கும்போது இடுப்பில் லேசாக அதிரும். அதனால் அவரவர் நேரம் அவரவர்க்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

“எட்டு பத்து எனக்குங்க, அக்கா.”

“நீயா கண்ணு? சரி” என்றார் துளசிமணி. “பத்தேகாலுக்கு வலது முட்டி. ஏறக்கொறைய ஒரு நிமிசம். அது காலைல ஒருக்கா வரும், அப்புறம் சாயங்காலம் மறுக்காவும் வரும்.”

பிரவீன்குமார் என்ற எழுபது வயதுக்காரர் தொண்டையைச் செருமினார். “நான்தாங்க. ஷட்டில் ஆடப் போறப்ப இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்குவேன். எக்ஸ்ட்ரா இழுவை வேணும்னு.”

“ஜெயிப்பீங்களாங்க?”

“எப்பவாச்சும்” என்றார் அவர். பக்கத்தில் நின்ற அவர் மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

துளசிமணி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒன்பதே முக்கால், குதிகால். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டு தொடையும். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு கை எழுந்தது. சிலர் கேட்பதற்கு முன்பே தூக்கினார்கள்.

“பதினொண்ணரைக்கு முதுகுல இருந்து கீழ வரைக்கும் ஒரு சுண்டு சுண்டும். ஒடனே விட்ரும்.”

பிறகு தலைமையாசிரியர் சிவசாமியின் கை மெதுவாக மேலே வந்தது.

“சார்ங்களா?” என்றார் துளசிமணி. “இருக்கறதுலயே உங்களுதுதானுங்க சார் லேசு.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார், திரும்பவும் போட்டார். “அந்தத் தாளை இங்க குடுங்க” என்றார். “பேனா யாராச்சும் வெச்சிருக்கீங்களா?” முதல் கட்டத்தில், மறுநாள் தேதிக்கு நேராக, அவர் கையெழுத்துப் போட்டார். பில் போடும் பெண் கை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். பிறகு அது கை மாறி மாறிப் போனது. வேலை முடிந்தது என்று பையை எடுத்தேன்.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுங்க” என்றார் துளசிமணி. “மத்தியானம் மூணு மணிக்கு. அதுதானுங்க இருக்கறதுலயே மோசம். ரெண்டு காலும் சேந்து வெறச்சுக்கும். நாலு நிமிசம். செவுத்தப் புடிச்சுட்டு நிப்பனுங்க, மூச்சு உட முடியாது. வேலை நேரத்துல சும்மா நிக்கறன்னு அதுக்குத்தான் மெமோ குடுத்தாங்க. அது யாருங்க?”

ஒரு கையும் எழவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வராதவர்களாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். கவின்பிரசாத் பட்டியலைப் புரட்டி, மூன்று மணிக்கு யாருக்கும் நேரம் ஒதுக்கவில்லையே என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாலம் நலமாக இருக்கிறதா என்று அது தினமும் ஒருமுறை தன்னை முழுவதுமாகச் சோதித்துப் பார்த்து, எனக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பட்டும் என்று ஒன்பது வருடத்துக்கு முன்பு எழுதி வைத்திருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து உட்காரும் நேரம் என்று மூன்று மணியாக வைத்தேன். சோதனைக்கு நான்கு நிமிடம். கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ‘இணைப்பு வெற்றி’ என்று ஒரே வரி. தினமும் வருகிறதே என்று எரிச்சல்பட்டு, நேராகக் குப்பைக்குப் போகும்படி செய்துவிட்டேன். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. இந்த இரண்டு வாரமாக அவை வராமல் போனதும் எனக்குத் தெரியவில்லை.

“யாருமில்லீங்களா?” என்றார் துளசிமணி.

நான் கையைத் தூக்கினேன். இவ்வளவு வெட்கம் என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கால்களைப் பார்த்தார்.

“நீங்க நல்லாத்தானுங்களே சார் நடக்கறீங்க?”

“ஆமாங்க” என்றேன்.